எஸ் முதல் இஸட் வரை

பாப்பா,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. ரயில்வே யார்டிலிருந்து வந்து கால் கழுவக்கூட இல்லை, உன் அம்மா வாசலிலேயே அதை என் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டாள். நின்றபடி ஒரு தரம் படித்தேன், உட்கார்ந்து ஒரு தரம் படித்தேன், அவளுக்காகச் சத்தமாக ஒரு தரம் படித்தேன். கிள்ளானில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் எழுந்து நின்று உன்னைப் பார்த்து 'குட் மார்னிங் டீச்சர்' என்றார்களாமே! எனக்குச் சோறு இறங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு முனியம்மா அக்கா வீட்டுக்கு ஓடினேன், அங்கிருந்து காதர் பாய் கடைக்கு ஓடினேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் உன் கடிதத்தைக் கேட்காத ஆள் ஒருவர் உண்டென்றால் அது அதைக் கொண்டுவந்து கொடுத்த தபால்காரர்தான். அடுத்த தரம் வரும்போது அவரையும் பிடித்துவிடுவேன்.

ஆனால் மூன்றாம் பக்கத்தை மட்டும் நான் யாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டவில்லை. உன் அப்பா ஜப்பான்காரன் காலத்தில் உயிருக்குத் துணிந்து அகராதியை மண்ணில் புதைத்துவைத்த கதை உங்கள் பெரிய டீச்சருக்கு மிகவும் பிடித்துவிட்டது, அதனால் வருகிற வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நான் வந்து பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்ல வேண்டும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள் என்று எழுதியிருக்கிறாய். பாப்பா, அந்த அகராதிக் கட்டை நான் புதைக்கவில்லை. கறையானும் தின்னவில்லை. அதை எரித்தவன் நான். இரண்டரை வருஷமாக உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் நின்று அந்தப் பொய்யை இன்னொரு தரம் சொல்ல என்னால் ஆகாது. சொல்லாமல் திரும்பி வந்தால் உனக்கு அவமானம். அதனால் முதலில் நீ தெரிந்துகொள். பிறகு நான் வருவதா வேண்டாமா என்று நீயே சொல்.

அந்தப் புத்தகம் உன் கைக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஆறாம் வகுப்பில் முதலாவதாக வந்ததற்குப் பரிசு. இங்கிலீஷ் சொல்லுக்கு இங்கிலீஷிலேயே விளக்கம், அதற்குக் கீழே தமிழில் ஒரு சொல், அப்படிப்பட்ட அகராதி. செங்கல் கனம் இருந்தது. அட்டைக்கு உள்பக்கம் உன் பெயரை யாரோ அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். "டீச்சராகணும்பா" என்று நீ முதலில் சொன்னது அன்றைக்குத்தான். அடுத்த ஆண்டே ஜப்பான்காரன் வந்தான், பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள், திறந்தபோது உள்ளே இருந்தது வேறு பாஷை. உனக்குப் பதினாலு வயது. மூலையில் உட்கார்ந்துகொண்டு, "மறந்துடுவேன்பா. ஒரு வருஷம் பேசாம படிக்காம இருந்தா எல்லாம் மறந்துடும்" என்று நீ அழுதாய். உன் இங்கிலீஷ் போனால் டீச்சர் வேலையும் போயிற்று. அதைக் காப்பாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு என்று அன்றைக்கு உன் தலையில் கையை வைத்துச் சொன்னேன். சொன்னவன் என்ன செய்தேன் பார்.

இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்தால் என்ன செய்வார்கள் என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒருவன் அடிப்பார்கள் என்பான், ஒருவன் கொண்டுபோய்விடுவார்கள் என்பான். ஆளுக்கு ஒன்று சொன்னதால்தான் பயம் அதிகமாயிற்று. அதனால் நான் ஒரு யோசனை செய்தேன். முழுப் புத்தகம் ஒரே வீட்டில் இருந்தால் மாட்டும்போது முழுதும் போய்விடும், மூன்று வீட்டில் இருந்தால் இரண்டாவது தப்பும் என்று சொல்லி, புத்தகத்தை மூன்றாக அறுத்தேன். கத்தி இறங்கும்போது நீ கண்ணை மூடிக்கொண்டாய். கோணி ஊசியால் ஒவ்வொரு கட்டாகத் தைத்தேன். ஏ முதல் எச் வரை காதர் பாய் கடையில், காலித் துணி அலமாரிக்குப் பின்னால். ஐ முதல் ஆர் வரை பக்கத்து வீட்டு முனியம்மா அக்காவிடம், தவிட்டுப் பானைக்குள். எஸ் முதல் இஸட் வரை நம் வீட்டில், விறகுக்கு அடியில். பாய்க்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். அக்காவுக்கு எந்தப் பாஷையிலும் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் நீ கேட்ட உடனே, "குடு தாயி, தவுட்டுல கை விட எவன் வருவான்" என்று வாங்கிக்கொண்டாள்.

அந்த நாட்களில் நானும் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளக் கிளம்பினேன். அந்தக் கூத்தை நீ உன் பிள்ளைகளிடம் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம், அதில் பொய் எதுவும் இல்லை. நம் அரிச்சுவடியில் அ என்றதும் அம்மா வருகிறாள். அப்படியென்றால் வெள்ளைக்காரனும் முக்கியமான சொற்களைத்தானே முன்னால் வைத்திருப்பான் என்று நினைத்தேன். வேலை முடிந்து பாய் கடையில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து ஒரு நாளைக்குப் பத்துச் சொல் வீதம் மனப்பாடம் செய்தேன். மணிச்சட்டத்துக்கு இங்கிலீஷில் அபாக்கஸ் என்று தெரிந்தது. சாமியார் மடத்துத் தலைவருக்கு ஆபட் என்று தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து நீ என்னைச் சோதித்தாய்.

"அப்பா, உங்களுக்குப் பசிச்சா இங்கிலீஷ்ல என்ன சொல்வீங்க?"

நான் யோசித்துப் பார்த்தேன். வயிற்றைத் தொட்டுக் காட்டி, கம்பீரமாக, "அப்டோமென்!" என்றேன்.

நீ சிரித்துச் சிரித்துத் தரையில் படுத்துவிட்டாய். காதர் பாய் கடைக்கு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். எனக்குக் கோபம். நீ எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது வெறும் வரிசைப்பா. முன்னால நிக்கிற வேகன்லதான் முக்கியமான சரக்கு இருக்குமா? நம்பரைப் பாத்து உங்களுக்கு வேண்டிய வேகனை மட்டும் திறங்க" என்றாய். இருபது வருஷம் வேகன்களைப் பிரித்து இணைக்கும் ஷண்டிங் வேலை பார்த்தவனுக்கு அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. பாப்பா, நீ டீச்சராவாய் என்று எனக்கு நிச்சயமானது அன்றைக்குத்தான். இப்போது கிள்ளானில் உன்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் எனக்கு மூன்று வருஷம் பின்னால் வருகிறார்கள்.

மூன்று வீட்டுக்கும் நீ அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போதும் எனக்குத் துள்ளல் வருகிறது. எந்தக் கட்டையும் அது இருக்கும் வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது நாம் வைத்த சட்டம். ஒரு சொல்லைத் தேடி பாய் கடைக்குப் போவாய். அதன் விளக்கத்தில் உனக்குத் தெரியாத வேறு ஒரு சொல் இருக்கும், அது அக்காவின் பானையில் இருக்கும். அங்கே போனால் அந்த விளக்கத்தில் இன்னொன்று, அது நம் விறகுக்கு அடியில். முனியம்மா அக்கா வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்வாய். வாசலில் நின்று, "அக்கா, உப்பு இருக்கா?" என்பாய். "எத்தனை கல்லு?" என்று அவள் உள்ளேயிருந்து கேட்பாள். நாலு கல் என்றால் நாலு சொல். பார்த்து முடித்ததும் உன்னை அவள் சும்மா விடமாட்டாள். "எங்க வீட்டுலேருந்து என்ன எடுத்துட்டுப் போற? சொல்லிட்டுப் போ" என்று வழியை மறிப்பாள். அப்படிக் கேட்டுக் கேட்டே அவளுக்குச் சமுத்திரமும் ஆரஞ்சும் ராத்திரியும் இங்கிலீஷில் தெரிந்துபோயின. அகராதியை இவ்வளவு தூரம் நடந்து நடந்து பார்த்த பிள்ளை மலாயாவிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நாற்பத்து மூன்றாம் வருஷம், காலை, ஜப்பான்காரன் மாற்றிவைத்த டோக்கியோ நேரத்துக்கு ஒன்பது இருக்கும். உன் அம்மா ரேஷன் வரிசைக்குப் போயிருந்தாள். நீ பாய் கடையில் இருந்தாய். அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. லைன் முனையில் ஒரு லோரி வந்து நின்றது. ரேடியோ தேடுகிறார்கள், வீடு வீடாக வருகிறார்கள் என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். எனக்கு அந்த நேரத்தில் நீயும் நினைவில்லை, உன் தலையில் கைவைத்துச் சொன்னதும் நினைவில்லை. விறகைத் தள்ளினேன், புத்தகக் கட்டை எடுத்தேன், தையலைப் பிய்த்து அடுப்பில் வைத்தேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டால் தீ அணைந்துவிடுகிறது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வைக்க வேண்டியிருந்தது. கடைசிப் பக்கங்கள் எரியும்போது பூட்ஸ் சத்தம் முனியம்மா அக்கா வீட்டு வாசலில் கேட்டது. சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் தண்ணீர் கேட்டார்கள். அக்கா கொடுத்தாள். தவிட்டுப் பானைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு கொடுத்திருக்கிறாள். குடித்துவிட்டு, எதையும் தொடாமல், லோரியில் ஏறிப் போய்விட்டார்கள். நம் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீ ஓடி வந்தாய். மூச்சு வாங்க, "அப்பா, நம்ம கட்டு?" என்றாய். எரித்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்த சொல் வேறு. "புதைச்சிட்டேன் பாப்பா. பப்பாளி மரத்தடியில."

"அவங்க வந்துகிட்டு இருக்கும்போதேவா?"

"ஆமா."

நீ என்னைக் கட்டிக்கொண்டாய். "நீங்க பெரிய ஆள்பா" என்றாய். பிறகு உன் அம்மாவும் வந்து, நாம் மூவரும் உட்கார்ந்து அந்தக் கிழங்கைச் சாப்பிட்டோம். இன்றைக்கு நன்றாக வெந்திருக்கிறது என்று நீதான் சொன்னாய். எஸ்ஸிலிருந்து இஸட் வரைக்கும் எரித்து வேகவைத்த கிழங்கு அது. சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. காதர் பாய் எழுந்து நின்று கையைப் பிடித்தார், "ராணுவம் வாசல்ல நிக்கும்போது தோண்டியிருக்கீங்களே அண்ணே" என்றார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன். பாராட்டு நன்றாகத்தான் இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு மாதம் கழித்து, நிலைமை அடங்கிவிட்டது, எடுத்துத் தாருங்கள் என்று நீ கேட்டாய். நாளைக்கு என்றேன். மறுநாள் நீ எழுந்திருப்பதற்கு முன்னால் பப்பாளி மரத்தடியில் குழி தோண்டி, ஒரு கிழிந்த கோணித் துண்டைப் போட்டு, மண்ணைத் தள்ளி மூடினேன். பிறகு உன்னைக் கூட்டிக்கொண்டு போய், உன் கண் முன்னால் அதே குழியைத் தோண்டினேன். "ஐயோ, கறையான்" என்றேன். நீ நம்பவில்லை. மண்டியிட்டு, கையாலேயே தோண்டினாய், ஆழமாக, ஒரு துண்டுக் காகிதமாவது கிடைக்கும் என்று. கை நிறைய ஈரமண்ணோடு நீ அழுதபோது நான் பக்கத்தில் நின்றேன், பாப்பா. அப்போதாவது சொல்லியிருக்கலாம். புத்தகத்தை எரித்தது பயத்தில் செய்தது, அந்தப் பயம் அன்றைக்கு எல்லாருக்கும் இருந்தது. ஆனால் அந்தக் குழியை நான் பயந்து தோண்டவில்லை, யோசித்துத் தோண்டினேன். என்னை உறுத்துவது அந்தக் குழிதான்.

அதற்கப்புறம் நீ செய்ததைச் சொல்ல இந்தக் காகிதம் போதாது! மூன்றாம் நாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முனியம்மா அக்கா வீட்டுக்குப் போனாய். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு கூச்சல். நீ கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடி வருகிறாய், பின்னால் அக்கா ஓடி வருகிறாள்.

"அப்பா! கிடைச்சிடுச்சு! எஸ் கிடைச்சிடுச்சு! டபிள்யூ கிடைச்சிடுச்சு!"

அடுப்பில் எரியாமல் எதையாவது விட்டுவிட்டேனா என்று நினைத்தேன். நீ என் சட்டையைப் பிடித்து உலுக்கினாய். "உள்ளேயே இருக்குப்பா! சமுத்திரத்துக்கு விளக்கம் பாத்தேன். அதுல உப்பு இருக்கு, தண்ணி இருக்கு. சால்ட்டு எஸ், வாட்டரு டபிள்யூ! ராத்திரிக்குப் பாத்தேன், அதுல சூரியன் மறையிறது இருக்கு. ஆரஞ்சுல இனிப்பு இருக்கு, மஞ்சள் இருக்கு. எல்லாச் சொல்லும் மத்த சொல்லோட விளக்கத்துக்குள்ள இருக்குப்பா!"

பாப்பா, அன்றைக்கு நான் குதித்தேன். நிஜமாகக் குதித்தேன். முனியம்மா அக்கா என்னைப் பார்த்து, "என்னலா, இந்த ஆளுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா" என்றாள். நான் எரித்த சொற்கள் எல்லாம் நான் எரிக்காத பக்கங்களுக்குள் உட்கார்ந்திருந்தன. உனக்கு அது கண்டுபிடிப்பு. எனக்கு அது பாதி மன்னிப்பு கிடைத்ததைப் போல் இருந்தது. யார்டிலிருந்து பழைய சரக்கு லேபிள்களை மூட்டையாகக் கொண்டுவந்து உன் முன்னால் கொட்டினேன். ஒரு லேபிளின் பின்பக்கம் ஒரு சொல். லேபிளில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது, நூலில் கோத்துவிட்டால் போதும். நடுவில் புதுச் சொல் வந்தால் நூலை அவிழ்த்துச் சொருகிக்கொள்ளலாம். ஏ முதல் ஆர் வரைக்கும் ஒரு வரி விடாமல் நீ விளக்கங்களைப் படித்தாய். பொருள் தெரிந்துகொள்ளத்தான் மனிதர்கள் அகராதியைத் திறப்பார்கள். நீ பொருளுக்குள் ஒளிந்திருக்கும் சொல்லைப் பிடிக்கத் திறந்தாய்.

ஒரு நாள் என்னைப் பிடித்து உட்காரவைத்தாய். "அப்பா, நீங்க சொல்லுங்க."

"எனக்கென்ன இங்கிலீஷ் தெரியும்?"

"வண்டியை எங்க ஒதுக்குவீங்க?"

"சைடிங்ல."

"எதைப் பாத்து விடுவீங்க?"

"சிக்னலைப் பாத்து."

"தண்டவாளம் எது மேல கிடக்கு?"

"ஸ்லீப்பர் மேல."

"கார்டு எதை ஊதுவாரு?"

"விசிலு."

ஒவ்வொன்றையும் லேபிளில் எழுதி என் மடியில் போட்டுக்கொண்டே வந்தாய். டிக்கெட், டிராக், டிரெயின், வேகன், யார்டு. மடி நிறைந்துவிட்டது. இருபது வருஷமாக நான் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அதுவும் நான் எரித்த எழுத்துகளாகவே பார்த்துப் பார்த்து! காதர் பாய் கடையில் அப்போது விற்கத் துணியே இல்லை. ஆனால் பழைய துணிக்கட்டுகளின் அட்டைகளை ஒரு தகர டின்னில் போட்டு வைத்திருந்தார். டின்னோடு உன் கையில் கொடுத்தார். "துணிதான் இல்ல, பேரு எல்லாம் பத்திரமா இருக்கு. எடுத்துக்கம்மா" என்றார். சில்க், ஷர்ட்டிங், டவல், வெல்வெட் என்று அவருடைய வியாபாரம் முழுவதும் உன் நூலில் ஏறியது. இஸட்டுக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. பெருமழை பெய்த ஒரு மத்தியானம் முனியம்மா அக்கா உள்ளே வந்து, "எங்க வீட்டு ஜிங்கு ஒழுகுது, ஒரு சட்டி குடு" என்றாள். நீ அவள் வாயையே பார்த்தாய். பிறகு இருவரும் சேர்ந்து தகரக் கூரையைப் பார்த்தோம். ஜிங்க்! இஸட் இத்தனை நாளும் நம் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது! சட்டி கேட்டு வந்தவளைக் கட்டிப்பிடித்து நீ சுற்றிய சுற்றில் அவள் உன்னை அடிக்கக் கை ஓங்கினாள். அந்த லேபிளில் மூலையில் அவள் பெயரை எழுதிவைத்தாய். அவளுக்கு அதைப் படித்துக் காட்டியபோது அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

போன மாதம் கிள்ளானில் உனக்குப் பரீட்சை வைத்தார்களே, அன்றைக்கு நான் ஜன்னலுக்கு வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். மேஜைமேல் முழு அகராதி ஒன்று வைத்திருந்தார்கள். வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரிய டீச்சர் சைகை காட்டியது எனக்குத் தெரிந்தது. நீ அதைத் திறக்கவில்லை. விறுவிறு என்று எழுதி முடித்தாய். அந்த அம்மாள் படித்துப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். இத்தனை வருஷம் பள்ளிக்கூடம் இல்லாமல் இது எப்படி என்று கேட்டிருக்க வேண்டும். நீ நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாய். எனக்குக் காது முழுக்க உன் குரல்தான். மை ஃபாதர் என்றாய். புரிந்தது. பெரீட் என்றாய், புதைத்தார் என்று அர்த்தம். பி வரிசை எனக்கு அத்துப்படி, அதுவும் புரிந்தது. இன் தி கிரவுண்ட், மண்ணுக்குள், என்றாய். அதுவும் புரிந்தது. பாப்பா, என் வாழ்நாளில் ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்த முதல் இங்கிலீஷ் வாக்கியம் நான் சொன்ன பொய்யாக இருந்தது. நீ அதைப் பெருமையோடு சொன்னாய். வேலை கிடைத்துவிட்டது என்று வெளியே ஓடி வந்து நீ சிரித்தபோது நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் குறை ஒன்றும் இல்லை, அது நிஜமான சந்தோஷம். அதற்குக் கீழே கிடந்ததைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி உனக்கு நான் புத்தி சொல்ல வேண்டும், அப்பன் கடிதம் என்றால் அது இல்லாமலா? உன் பிள்ளைகள் அகராதியைத் திறக்கும்போது பக்கத்தில் போய் நில். எச்சில் தொட்டுப் புரட்டுகிறவனை விட்டுவிடு, காகிதம் காய்ந்துவிடும். முதலில் கிடைத்த பொருளை எடுத்துக்கொண்டு ஓடுகிறவனை மட்டும் கூப்பிட்டு, கீழே இன்னும் இரண்டு வரி இருக்கிறது பார் என்று காட்டு. என்னைப் போல் ஏ-யிலிருந்து மனப்பாடம் செய்கிறவன் ஒருத்தன் கட்டாயம் இருப்பான். சிரித்துக்கொள், ஆனால் சிரித்த பிறகு வேகனைச் சொல்லி விளங்கவைத்தாயே, அப்படி அவன் வீட்டுத் தொழிலைச் சொல்லி விளங்கவை. காப்பாரிலிருந்து மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை வரும், ரப்பர் தோட்டத்திலிருந்து பால்மரம் வெட்டுகிற வீட்டுப் பிள்ளை வரும். எனக்கு ஒன்றும் தெரியாது டீச்சர் என்றுதான் அவர்கள் சொல்வார்கள், நானும் சொன்னேன். கேள்வி கேட்டுக் கேட்டு அவர்கள் மடியை நிரப்பு. தெரியாத சொல் வந்தால், பெரிய டீச்சர் பக்கத்தில் நின்றாலும், தெரியாது என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடு. தெரிந்ததைப் போல் தலையாட்டாதே. ஒரு தரம் தலையாட்டினவன் அதைக் காப்பாற்ற அப்புறம் குழியெல்லாம் தோண்ட வேண்டிவரும்.

உன் அம்மாவுக்கு இது தெரியும் என்று இன்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது. உனக்கு எழுதப்போகிறேன் என்று சொன்னேன், எதை என்று சொல்லவில்லை. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "அன்னைக்கு அடுப்புச் சாம்பல்ல கோணி நூலு கிடந்துச்சு" என்றாள். இவ்வளவு நாளும் ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். எழுதுங்க, எழுதி முடிச்சிட்டு சாப்பிட வாங்க" என்றாள். முனியம்மா அக்காவுக்கும் காதர் பாய்க்கும் நாளைக்கு நானே போய்ச் சொல்கிறேன். அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. தவிட்டுப் பானைக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்தவள் அவள், பெரிய ஆள் என்று பெயர் வாங்கியவன் நான். வெள்ளிக்கிழமை நீ யாரையாவது பிள்ளைகள் முன்னால் நிறுத்த வேண்டுமென்றால் அவளைத்தான் நிறுத்த வேண்டும். அவள் வருவதென்றால் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

நான் வரலாம் என்று நீ சொன்னால், அந்த வகுப்பில் நின்று நடந்ததை நடந்தபடி சொல்வேன். எரித்தேன் என்று சொல்வேன், குழியையும் சொல்வேன். உன் பெரிய டீச்சர் என்ன நினைப்பார் என்ற கவலை உனக்கு இருக்கும். நீ சொன்னது எதுவும் பொய் ஆகாது, நீ நம்பியதைத்தான் சொன்னாய் என்று அவரிடமும் நானே சொல்கிறேன். கோபமாக இருந்தால் வர வேண்டாம் என்று எழுது. நான் சண்டைக்கு வரமாட்டேன், சாப்பிடாமல் இருக்கவும் மாட்டேன், உன் அம்மா விடமாட்டாள்.

ஆனால் பதிலை இங்கிலீஷில் எழுது, யாரிடமும் கேட்காமல் நானே பார்த்துப் படிக்கிறேன். லேபிள் கட்டை உன்னோடு கிள்ளானுக்குக் கொண்டுபோய்விட்டாய், நல்லது, அது உன்னுடையது. பாய் கொடுத்ததும் அக்கா கொடுத்ததுமாக என்னிடம் இருப்பது ஏ முதல் ஆர் வரைதான், அதற்குள்ளேயே எழுது. வேண்டாம் என்றால் 'நோ' போதும், அது அக்கா கொடுத்த கட்டுக்குள் இருக்கிறது. 'யெஸ்' என்று எழுதாதே, அந்தப் பக்கத்தை நான் அடுப்பில் வைத்துவிட்டேன். வரலாம் என்றால் 'கம்' என்று எழுது, பாப்பா. அது சி-யில் இருக்கிறது, பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அப்பா